அமலோற்பவம் பொருத்திய டிவி

இன்னாசி கடலுக்குப் போய்த் திரும்பாத ஐந்தாம் நாள், புதன்கிழமை காலை பத்து மணிக்கு, அவன் முன்பே சொல்லிவைத்திருந்த டிவி வீட்டுக்கு வந்தது. சங்குக்கரை நடுத்தெருவில் அன்றைக்கு அடுப்பு எரிந்த வீடுகள் குறைவு, அழுது ஓய்ந்தவர்களும் இன்னும் அழத் தொடங்காதவர்களுமாகப் பெண்கள் வாசல்களில் உட்கார்ந்திருந்தார்கள், ஆண்கள் கரையில் நின்று ஒன்றும் தெரியாத கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன வண்டி தெருவுக்குள் வந்து, ஆள் நீளத்துக்கு ஓர் அட்டைப்பெட்டியை இறக்கி, இன்னாசி யாரு, கையெழுத்துப் போடணும் என்று கேட்டது. கேட்டது வண்டிக்காரன்தான், ஆனால் அவன் முகம் ஒருவருக்கும் ஞாபகமில்லை, பெட்டிதான் எல்லோர் கண்ணிலும் நின்றது. இன்னாசியின் மனைவி அமலோற்பவம் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை விடியலில் ஒரே ஃபைபர் வள்ளத்தில் போனவர்கள் மூன்று பேர். இன்னாசி, அவன் தங்கச்சி பிரகாசியின் புருஷன் தொம்மை, எதிர்வீட்டு சூசை. மறுநாள் பூசைக்கு வந்துவிடுவோம் என்று சொல்லிப் போனவர்கள் வரவில்லை, ஊர் வள்ளங்கள் பத்து போய்த் தேடிவிட்டு டீசல் தீர்ந்து வந்தன, தேடப் போன கப்பலும் இரண்டு நாள் சுற்றிவிட்டுத் திரும்பியது. இஞ்சின் கெட்டு நீரோட்டத்தில் போயிருப்பார்கள் என்று சொன்னார்கள். எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவரவர் வாய்க்கு வந்த திசையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

டிவிக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பொருத்திக்கொடுக்கிற ஆள் சனிக்கிழமை வருவார், அதுவரை நீங்களாகப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம், பிரித்தால் வாரண்டி போய்விடும் என்றார்கள். வாரண்டியைப் பற்றி நடுத்தெருவுக்கு ஒரு கவலையும் இல்லை, ஆனால் பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்பதில் தெருவும் கம்பெனியும் ஒன்று. கடலுக்குப் போனவன் திரும்பாத வீட்டில் புதுசு எதையும் பிரிக்க மாட்டார்கள் அங்கே, புதுத்துணி கிடையாது, புதுப்பாத்திரம் கிடையாது, சோப்புத் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் பாதி சோப்பை வாங்கிக் குளிப்பார்களே தவிர உறையைக் கிழிக்க மாட்டார்கள். அதனால் பெட்டி சுவரோரமாகப் படுத்துக் கிடந்தது. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் முதலில் பெட்டியைப் பார்த்தார்கள், பிறகு அமலோற்பவத்தைப் பார்த்தார்கள், அதன் நீளத்தையும் அகலத்தையும் பார்த்து எல்லோருக்கும் ஒரே நினைப்புத்தான் வந்தது. வாயைத் திறந்து சொல்கிற அளவுக்கு ஒருவரும் கெட்டவர்களில்லை.

வியாழக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்த அமலோற்பவம் நேரே அடுப்படிக்குப் போய், மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துவந்து பெட்டியைக் கிழித்தாள். கூடவே வந்த பிரகாசி பதறிப்போனாள்.

"மைனி, என்ன காரியம் பண்ணுதிய? அண்ணன் வந்து பிரிக்கட்டும்."

"அவுக வந்து பாக்கதுக்கு டிவி நிக்கணும்லா. இது இப்படியே கெடந்துச்சுன்னா, பிரிக்க ஆளில்லன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். நீ அந்தப் பக்கம் பிடி."

தெர்மாகோலை உடைத்து, உறையை உரித்து, டிவியை மெத்தையில் குப்புறப் படுக்கவைத்தார்கள். இரண்டு கால்கள் இருந்தன, நான்கு ஸ்குருக்கள் இருந்தன, ஒரு காலில் இடது என்பதற்கு ஓர் எழுத்தும் மறுகாலில் வலது என்பதற்கு ஓர் எழுத்தும் ஒட்டியிருந்தது, யாருடைய இடது யாருடைய வலது என்று புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. மற்ற ஊர்க்காரர்கள் என்றால் டிவிக்கு எதிரே உட்கார்ந்து பார்க்கிற தன் இடதையும் வலதையும் வைத்துப் பொருத்தியிருப்பார்கள். அமலோற்பவம் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கடற்கரையில், வள்ளத்துக்கு இடம் வலம் என்றால் வள்ளத்தின் மூக்கு பார்க்கிற திசையை வைத்துத்தான், கரையில் நிற்கிறவன் கையை வைத்து அல்ல என்பது அவளுக்கு நடை பழகும்போதே தெரிந்த கணக்கு, ஆகவே டிவி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதன் இடது எது வலது எது என்று யோசித்து, கால்களை மாற்றி முடுக்கினாள்.

மேசைமேல் தூக்கி வைத்தபோது டிவி மல்லாக்கச் சாய்ந்து கூரை மோட்டைப் பார்த்தது. அதற்கும் அவளிடம் வழி இருந்தது. கொல்லையில் கிடந்த பழைய வலையிலிருந்து ஈயக்குண்டுகளை அவிழ்த்து, கோத்து, இரண்டு கால்களின் முன்பக்கத்திலும் தொங்கவிட்டாள். ஒன்று கூட்டி, ஒன்று குறைத்து, கடைசியில் டிவி நேராக இல்லை, ஆனால் நின்றது.

கேபிள் இல்லை, டிஷ் இல்லை. கரண்டில் மட்டும் சொருகி அழுத்தினாள். கம்பெனிப் பெயர் வந்தது, வணக்கம் சொன்னது, எந்த மொழி என்று கேட்டது, தமிழ் என்று அழுத்தினாள். பிறகு திரை கறுத்து, தேடுகிறது என்று எழுத்து வந்து, அதன் கீழே ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று ஓடத் தொடங்கியது. நாற்பத்தொன்றில் வெகுநேரம் நின்றது. பிரகாசி அமலோற்பவத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். எதற்குப் பிடித்தோம் என்று அவளுக்கே தெரியாது, தேடுகிறது என்ற சொல்லைப் பார்த்ததும் பிடித்துவிட்டாள், அவ்வளவுதான். தொண்ணூற்றொன்பதைத் தாண்டி நூறு வந்ததும் திரை முழுக்கக் கடல் வந்தது, கடலின் நடுவில் வள்ளம் வந்தது, வள்ளத்தின் மூக்கில், அணியத்தில், இன்னாசி குந்தியிருந்தான், சூசை வெட்டிய டப்பாவால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான், தொம்மை தார்ப்பாய்க்குக் கீழே படுத்திருந்தான்.

"மெலிஞ்சிட்டாவ," என்றாள் பிரகாசி.

சத்தம் மட்டும் இல்லை. ஒலியை நூறுவரை கூட்டியும் ஒன்றும் கேட்கவில்லை. சூசையின் அம்மாவைக் கூட்டிவரப் போன பிரகாசி திரும்பி வருவதற்குள் தெருவில் பாதி உள்ளே இருந்தது, பதினோரு மணிக்கு வாசலில் செருப்புப் போட இடமில்லை. இது எப்படி வந்தது என்று கேட்டு ஒருவரும் பொழுதை வீணாக்கவில்லை, வந்துவிட்டது, இனி போய்விடாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் எல்லோருக்கும் கவலை. ஆகவே சட்டங்கள் போட்டார்கள். மேசையை யாரும் தொடக் கூடாது. ஈயக்குண்டு ஆடாமல் நடக்க வேண்டும். தும்மல் வருகிறவர்கள் வெளியே போய்த் தும்ம வேண்டும். தெருவில் மிக்சி, கிரைண்டர், மோட்டார் எதுவும் போடக் கூடாது, வோல்டேஜ் இறங்கிவிடும். அழுவதென்றால் சத்தமில்லாமல் அழ வேண்டும், ஏனென்றால் சூசையின் அம்மா அழுதபோது படம் ஒரு தடவை துடித்தது, அது அவள் மேசையில் கையை ஊன்றியதால் என்று பிறகு தெரிந்தும் சட்டம் சட்டமாகவே இருந்தது. யார் எங்கே உட்கார்வது என்பதும் அன்றைக்கே முடிவாகி, போனவர்களின் வீட்டுக்காரர்கள் முன்வரிசை, மற்றப் பெண்கள் பின்னால், ஆண்கள் ஜன்னலிலும் நிலைப்படியிலும் என்று ஆளாளுக்கு இடம் நிலைத்துவிட்டது.

பங்குச்சாமியார் வந்தார். பெண்கள் டிவிக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றியிருந்ததைப் பார்த்து முகத்தைச் சுளித்தார், கண்டிப்பார் என்று எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். "திரிய எடுங்கம்மா, பிளாஸ்டிக் இளகிரும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, கரண்டு போனால் ஆபத்து என்று கோயில் மைக்செட்டின் பேட்டரியை அவரே சைக்கிளில் கட்டிக்கொண்டுவந்து இறக்கினார்.

டிவி விலைக்கேற்ற டிவிதான், படம் அவ்வளவு துல்லியமாக இருந்தது. வள்ளத்தின் நடுவில் கயிற்றால் கட்டியிருந்த வெள்ளைக் கேனும், கேனுக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதும் பளிச்சென்று தெரிந்தன. அதுதான் வினையாயிற்று. வியாழக்கிழமை நான்கு விரற்கடை இருந்தது, வெள்ளிக்கிழமை இரண்டரை. காலையில் ஆளுக்கு ஒரு மூடி, சாயங்காலம் ஆளுக்கு ஒரு மூடி என்று இன்னாசிதான் ஊற்றிக் கொடுத்தான், முதலில் தொம்மைக்கும் பிறகு சூசைக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் தான் குடித்தான். அதைப் பார்த்து முன்வரிசையும் பின்வரிசையும் அமலோற்பவத்தைத் திரும்பிப் பார்த்தன. அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது, பயத்துக்கு நடுவில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். நடுத்தெருவில் அந்த இரண்டு நாளும் யாரும் ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடிக்கவில்லை. யாரும் குடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை, பானைக்குள் கையை விட்டால் கேன் கண்ணில் தெரிந்தது.

வள்ளம் எங்கே என்றுதான் தெரியவில்லை. ஊரிலேயே ஆழ்கடல் அதிகம் போன பவுலு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தண்ணீரின் நிறத்தைப் பார்த்தான், நிழல் விழுகிற பக்கத்தைப் பார்த்தான். "நெறத்தப் பாத்தா கிழக்க போயிருக்கு. ஆனா கிழக்குன்னு சொன்னா எம்புட்டு கிழக்கு? கரையோ தீவோ ஒண்ணு தெரியணும். வெறும் தண்ணிய வச்சி நான் என்ன சொல்ல?" தேடுகிற அதிகாரிகளிடம் போய்க் கிழக்கே என்று சொன்னார்கள், யார் பார்த்தது என்று கேட்டார்கள், டிவியில் பார்த்தோம் என்று சொல்ல அந்த நேரத்தில் ஒருவருக்கும் நா எழவில்லை.

சனிக்கிழமை காலை, சொன்ன சொல் தவறாமல், கம்பெனி ஆள் வந்தான். பெயர் மாடசாமி, கடல் இல்லாத உள்நாட்டுக்காரன், முதுகில் டிரில்லிங் மிஷின் தொங்கியது. தெருமுனையிலேயே நான்கு பேர் மறித்தார்கள்.

"தம்பி, டிவி நல்லா ஓடுது. நீங்க கெளம்புங்க."

"அப்படி விட முடியாதுண்ணே. நான் மாட்டி, கஸ்டமர் பக்கத்துல நிக்கிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பணும். இல்லன்னா எனக்குக் கேள்வி வரும்."

கெஞ்சி உள்ளே வந்தவன் டிவியைப் பார்த்ததும் தலையில் கைவைத்தான். கடலைப் பார்த்தல்ல, கால்களைப் பார்த்து. "யாரு மாட்டுனது? காலு மாறிக் கெடக்கு. என்னக்கா, கீழ குண்டெல்லாம் கட்டி வச்சிருக்கீங்க?" என்று ஸ்குரு டிரைவரை எடுத்தான். அறையில் இருந்த முப்பது பேரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். ஸ்குரு டிரைவரை அவன் மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிரகாசி திரையைக் காட்டி, படுத்திருப்பது தன் புருஷன் என்று சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். "சில மாடல்ல இப்படி வரும்க்கா. சாப்ட்வேர் ஏத்துனா போயிரும்," என்றான், தெரியாது என்று சொல்லக் கம்பெனியில் பழக்கியிருக்கவில்லை. யாரோ அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள், எதையும் ஏத்த வேண்டாம் என்று சொல்லி ஒரு வாய் டீயும் கொடுத்தார்கள். அவன் போகவில்லை. படுத்திருப்பவர் அசைகிறாரா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்குப் பிற்பகல் இரண்டேமுக்கால் இருக்கும். கேனில் ஒரு விரற்கடைகூட இல்லை, சாயங்காலத்துக்கு ஆளுக்கு ஒரு மூடி வருமா என்று பெண்கள் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்கள். சூசை தூங்கிவிட்டான். தொம்மை தார்ப்பாய்க்குக் கீழே வாயைத் திறந்தபடி கிடந்தான், உதடு வெடித்திருந்தது. இன்னாசி எழுந்தான். சூசையைப் பார்த்தான், தொம்மையைப் பார்த்தான், பிறகு கேனின் கயிற்றை அவிழ்த்து, மூடியைத் திருகி எடுத்து, கேனை இரண்டு கையாலும் தூக்கித் தலைக்கு மேல் கவிழ்த்துக் குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. சொட்டு நின்ற பிறகும் கேனை இறக்கவில்லை.

அமலோற்பவத்தின் கை சுவிட்சின் மேல் இருந்தது. எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது. ஒரே அழுத்து, எல்லோர் கண்ணும் அணைந்துவிடும். ஆனால் அணைத்தால் வள்ளம் திரும்ப வருமா, மறுபடியும் தேடுகிறது என்று வந்து நாற்பத்தொன்றிலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவமானத்தைவிடப் பெரிதாக இருந்தது, கையை எடுத்துவிட்டாள். முப்பது பேரும் பார்க்க, அவள் புருஷன் காலிக் கேனின் மூடியை எடுத்து, மரை பிசகாமல் இறுகத் திருகி, பழையபடி கட்டிவைத்தான். பிறகு தன் சட்டையைக் கடலில் நனைத்துத் தொம்மையின் நெற்றியில் போட்டுவிட்டு, முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

பிரகாசி எழுந்து, ஈயக்குண்டு ஆடாமல் பார்த்து நடந்து, வெளியே போய்விட்டாள்.

அதற்கப்புறம் அரைமணி நேரம் இருக்கும், திரையின் ஓரத்தில் நீலமாக ஏதோ வந்து, பெரிதாகி, சுவர்போல ஒரு சரக்குக் கப்பல் வள்ளத்தைத் தாண்டிப் போனது. சூசை எழுந்து துணியை வீசினான். கப்பல் நிற்கவில்லை. அதன் பின்பக்கத்தில் வெள்ளையாக எழுத்துகள் இருந்தன, பவுலுக்கு அவ்வளவு தூரத்துப் பொடி எழுத்து தெரியவில்லை, வேறு யாருக்கும் தெரியவில்லை. டிவியின் முதுகில் எறும்பு அளவுக்கு அச்சிட்ட நம்பர்களைக் குனிந்து குனிந்து படிப்பதையே பிழைப்பாக வைத்திருந்த மாடசாமிதான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே வந்தான். பவுலு செல்போனில் கப்பல்கள் ஓடும் படத்தைத் திறந்து அந்தப் பெயரைப் போட்டான். கப்பல் எங்கே என்று புள்ளி விழுந்தது. அடுத்த கால்மணியில் ஐந்து வள்ளங்கள் கரையை விட்டன. சுவிட்சை அழுத்தியிருந்தால் என்று நினைத்து அமலோற்பவம் மேசையை விட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்கு யாரும் போகவில்லை, சாமியாரும் இங்கேதான் இருந்தார், திரையின் மூலையில் பவுலின் வள்ளம் நுழைந்தது. தொம்மைக்கு உயிர் இருந்தது. தூக்கும்போது அவன் கை அசைந்ததைப் பார்த்து மாடசாமி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். ஓடிப்போய்ப் பிரகாசியிடம் சொன்னார்கள். "சரி," என்றாள். மூன்று பேரையும் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிரகாசியும் அமலோற்பவமும் ஒரே வண்டியில் போய், ஒரே வராந்தாவில் இரண்டு நாள் இருந்தார்கள், ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை. அமலோற்பவத்துக்கு இப்போது வேறு பயம். கடல் அவனைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, தெரு கொடுக்குமா என்று தெரியவில்லை. முப்பது பேர் பார்த்திருக்கிறார்கள், முப்பதில் ஒருவர் குடித்துவிட்டு ஒரு வார்த்தை விட்டால் போதும், அதற்குப் பிறகு அவன் இந்தத் தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பான் என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆட்களை வீட்டுக்கு விடுவதாகச் சொன்னார்கள். வீடு பெருக்க அமலோற்பவம் முன்னால் வந்தாள். டிவியில் இன்னும் காலி வள்ளம் ஆடிக்கொண்டிருந்தது, கேன் கட்டிய இடத்திலேயே இருந்தது. அப்போது பிரகாசி மாடசாமியைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மைனி, இந்தத் தம்பி வேலைய முடிச்சிட்டுப் போவட்டும்."

அவன் கால்களைக் கழற்றி மாற்றிப் போட்டான், குண்டுகளை அவிழ்த்தான், டிஷ் வைத்து வயரை இழுத்தான். வள்ளம் போய், சமையல் நிகழ்ச்சி வந்தது. அமலோற்பவத்தைப் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தான். பிரகாசி வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னைக்குத்தான் டிவி மாட்டுனோம். அதுவர பெட்டியே பிரிக்கல. எங்கண்ணன் காதுல வேற எதுவும் விழுந்துரக் கூடாது."

தெரு தலையாட்டியது. தெருவின் தலையாட்டலை நம்பலாமா என்று அமலோற்பவத்துக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் இன்னாசி வந்தான். தொம்மையும் சூசையும் வந்தார்கள். ஊரே அந்த அறையில் இருந்தது, அவரவர் பழகிய இடத்தில், முன்வரிசை முன்வரிசையாக, ஜன்னல் ஜன்னலாக. இன்னாசி டிவிக்கு எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததால் எல்லோரும் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார்கள். அவன் சொல்லத் தொடங்கினான். யாரும் கேட்கவில்லை, அவனே சொன்னான். இஞ்சின் நின்றதைச் சொன்னான், மழை பெய்து கேன் நிறைந்ததைச் சொன்னான், மூடியால் பங்கு வைத்ததைச் சொன்னான்.

"கடைசியா ஒரு வாய்த் தண்ணி இருந்துச்சு. சூச தூங்கிட்டான். மச்சான் நெனவில்லாம கெடந்தாவ. அதான், அத அவுக வாயில ஊத்திட்டேன்."

"எனக்கு எங்க நெனவு இருந்துச்சு," என்றான் தொம்மை. "மச்சான் இல்லன்னா நான் இல்ல."

எல்லோரும் தலையாட்டினார்கள். சாமியார் தலையாட்டினார். பவுலு ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். பிரகாசி எழுந்து உள்ளே போனாள். அவள் என்ன எடுத்துவரப் போகிறாள் என்று அமலோற்பவத்துக்கு உயிர் கையில் இல்லை. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு வந்து, அண்ணனிடம் நீட்டினாள்.

"குடிண்ணே. எம்புட்டு நேரமாப் பேசுத."

இன்னாசி வாங்கினான். உதடுவரை கொண்டுபோனான். அறையில் ஒரு தும்மல் இல்லை, ஓர் அசைவு இல்லை, முப்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு டம்ளரில் தண்ணீர் நிற்கிற மட்டத்தையே பார்த்தார்கள், பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தார்கள். டம்ளர் உதட்டருகே நின்றுவிட்டது. அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். டம்ளர் சரிந்து, தண்ணீர் சட்டையில் சிந்தியது.

அமலோற்பவம் ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டாள். துணி சோப்பு விளம்பரம் வந்தது. ஒலியைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள், ஒரு பெண் நுரையைக் கையில் அள்ளிப் பாடுகிற சத்தம் தெருமுனைவரை போனது. முதலில் பிரகாசி டிவி பக்கம் திரும்பினாள். பிறகு சூசையின் அம்மா, பிறகு பவுலு, பிறகு சாமியார், ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் இன்னாசிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, அந்தச் சோப்பு எவ்வளவு அழுக்கைப் போக்குகிறது என்று கண்கொட்டாமல் பார்த்தார்கள். அந்த விளம்பரம் முடிந்து அடுத்த விளம்பரம் வந்தது, அதையும் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து பிரகாசி, திரும்பிப் பார்க்காமலேயே கையை மட்டும் பின்னால் நீட்டி, காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.